பரிசோதனைக்கே ஒரு பரிசோதனை!

ஊரில் ஒரு மருத்துவ முகாம். ஷாமியானா பந்தல், மைக் செட், குத்துவிளக்கு, பொன்னாடை, ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட். மறுநாள் பேப்பரில் போட்டோவோடு செய்தி: ‘மார்பகப் புற்றுநோய் கண்டறியும் முகாம். 500 பெண்கள் பயன் பெற்றனர்.’

பயன் பெற்றார்கள் என்று யார் சொன்னது?

500 பேர் வந்தார்கள், வரிசையில் நின்றார்கள், பரிசோதிக்கப்பட்டார்கள். அவ்வளவுதான் நமக்குத் தெரியும். அந்த 500 பேரில் எத்தனை பேரிடம் சந்தேகம் வந்தது? சந்தேகப்பட்டவர்களில் எத்தனை பேர் நிஜமாகவே பெரிய ஆஸ்பத்திரி வரை போய்ச் சேர்ந்தார்கள்? ‘‘ஒண்ணுமில்லம்மா, தைரியமா போங்க’’ என்று அனுப்பப்பட்டவர்களில் யாருக்காவது ஆறு மாதம் கழித்துக் கட்டி தென்பட்டதா? ம்ஹூம்... பேப்பரில் வராது. பல சமயம் முகாம் நடத்தியவர்களின் நோட்டிலேயே இருக்காது!

கல்யாணத்தில் எத்தனை இலை விழுந்தது என்று எண்ணிவிட்டு, ‘சமையல் பிரமாதம்’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? அந்த மாதிரிதான் இது. இலைக் கணக்கு வேறு, ருசிக் கணக்கு வேறு.

சரி, மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையில் ‘ருசி’யை எப்படி அளப்பது? இதற்கென்றே உட்கார்ந்து கணக்குப் போட்ட நாடு ஒன்று இருக்கிறது. பிரிட்டன்.

* * *

1986-ல் எடின்பரோவைச் சேர்ந்த சர்ஜன் சர் பேட்ரிக் ஃபாரஸ்ட் தலைமையில் ஒரு கமிட்டி அறிக்கை தயாரித்தது. ‘நோய் அறிகுறி எதுவும் இல்லாத பெண்களையும் குறிப்பிட்ட வயதில் கூப்பிட்டு, மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கலாம், உயிர்கள் மிஞ்சும்’ என்பது அதன் சாரம். 1988-ல் திட்டம் ஆரம்பமாகிவிட்டது. முதலில் 50 முதல் 64 வயது வரை. பிற்பாடு வயது வரம்பை நீட்டினார்கள். இன்று 50 வயதிலிருந்து 71-வது பிறந்தநாள் வரை, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வீட்டுக்குக் கடிதம் வரும். காசு கிடையாது.

இங்கேதான் ஃபாரஸ்ட் கமிட்டி ஒரு புத்திசாலித்தனம் செய்தது. ‘திட்டத்தை ஆரம்பித்தால் மட்டும் போதாது. அது ஒழுங்காக நடக்கிறதா என்று கூடவே அளந்துகொண்டும் இருக்கவேண்டும்’ என்று எழுதிவைத்தது. காரணம் எளிமையானது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் நோயாளி. அவர் தானாக டாக்டரைத் தேடிப் போகிறார். ஸ்க்ரீனிங்குக்கு வருகிறவரோ நன்றாக இருப்பவர். சமையல் முடித்து, துணி காயப்போட்டுவிட்டு, ‘நமக்கு என்ன?’ என்று இருந்தவரை நாம் வலியக் கூப்பிடுகிறோம். வலியக் கூப்பிட்டவருக்கு அரைகுறை வேலை செய்து அனுப்பினால் அது பாவம் இல்லையா?

அளவுகோல்கள் என்னென்ன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கடிதம் போச்சா?

முதல் கேள்வி இதுதான். கூப்பிட்டவர்களில் எத்தனை பேர் வந்தார்கள்? நூற்றுக்கு 70 பேராவது வந்தால்தான் பாஸ் மார்க். 80 வந்தால் சபாஷ். லட்சக்கணக்கில் செலவழித்து மெஷின் வாங்கி வைத்துவிட்டு, வருவது பாதிப் பேர் என்றால் மெஷின்மேல் தப்பில்லை. திட்டத்தின்மேல் தப்பு.

வந்தார்களா என்பதற்கு முன்னால் இன்னொன்று உண்டு. கூப்பிட்டோமா?

2018 மே மாதம் பிரிட்டிஷ் பார்லிமென்டில் சுகாதார அமைச்சர் ஜெரமி ஹன்ட் எழுந்து ஒரு குண்டைப் போட்டார். ‘கம்ப்யூட்டர் கோளாறினால் 2009-லிருந்து சுமார் 4,50,000 வயதான பெண்களுக்குக் கடைசி முறை அழைப்புக் கடிதம் போகவே இல்லை!’ நாடே அதிர்ந்தது. எழுபது வயதுப் பாட்டிமார்கள் பழைய கடிதங்களைத் தேடி அலமாரியைப் புரட்டினார்கள்.

அப்புறம் விசாரணை. அந்த வருஷக் கடைசியில் வந்த அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? கம்ப்யூட்டர் பாவம், அதன் மீது பழி போட முடியாது. எந்த வயதுவரை கடிதம் அனுப்ப வேண்டும் என்று ஆவணத்தில் எழுதியிருந்தது ஒரு மாதிரி. பரிசோதனை நிலையங்கள் வருஷக்கணக்காகப் புரிந்துகொண்டு நடத்தியது வேறு மாதிரி. பாதிக்கப்பட்டவர்கள் எண்ணிக்கையும் அமைச்சர் சொன்னதைவிட வெகுவாகக் குறைவு.

பாடம்? ‘யாரைக் கூப்பிட வேண்டும்’ என்பதை எல்லோருக்கும் ஒரே மாதிரி புரிகிற ஒரே வரியில் எழுதிவைக்காவிட்டால், அதற்கப்புறம் போடுகிற எல்லாக் கணக்கும் காற்றில் கோடு போட்ட கதைதான்.

படம் சரியா விழுந்ததா?

மேமோகிராம் எடுத்துக்கொண்டவர்களுக்குத் தெரியும். இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பகத்தை வைத்து அழுத்துவார்கள். ‘‘கொஞ்சம் பொறுத்துக்கோங்க, மூச்சை அடக்குங்க...’’ சில வினாடி கஷ்டம்தான். அழுத்தம் சரியில்லை என்றாலும், உடம்பு அசைந்தாலும், மார்பகத்தின் ஓரம் படத்துக்கு வெளியே போனாலும், அந்தப் படம் வீண். அந்த ஓரத்தில்தான் கட்டி உட்கார்ந்திருக்கும் என்றால்?

ஆகவே இன்னொரு கணக்கு. ‘படம் சரியில்லை, மறுபடி எடுக்கணும்’ என்று திரும்பக் கூப்பிட்டவர்கள் எத்தனை பேர்? நூற்றுக்கு 3 பேருக்கு மேல் போகக்கூடாது. போனால் மெஷினைப் பார், எடுக்கிறவரின் பயிற்சியைப் பார் என்று அர்த்தம்.

ஆரம்ப காலத்தில் பிரிட்டனில் ஒரு மார்பகத்துக்கு ஒரே ஒரு படம்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள், சாய்வாக. சிக்கனம்! பிறகு இரண்டு கோணத்தில் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால், கண்டுபிடிக்கப்படும் புற்றுநோய் கிட்டத்தட்ட கால் பங்கு அதிகம் என்று 1990-களில் நடந்த ஆய்வு காட்டியது. பழக்கம் மாறியது. இன்று எல்லோருக்கும் இரண்டு கோணம். அளந்து பார்த்ததால் கிடைத்த லாபம் அது.

பார்க்கிற கண்

படம் ரெடி. அதைப் பார்த்து, இருக்கிறது, இல்லை என்று சொல்வது யார்? மனிதக் கண்.

இதில் ஒரு சங்கடம். ஆயிரம் பெண்களின் படத்தைப் பார்த்தால் அதில் எட்டோ ஒன்பதோ பேருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். மீதி எல்லாம் வெறும் வெள்ளைப் புகை மூட்டம். மூட்டை அரிசியில் அரிசி நிறத்திலேயே இருக்கிற ஏழெட்டுக் கல்லைப் பொறுக்குகிற வேலை. அனுபவம் இல்லாவிட்டால் கல் கண்ணில் படாது, பல்லில்தான் படும்.

அதனால் பிரிட்டனில் ஸ்க்ரீனிங் படம் பார்க்கிறவர் வருஷத்துக்குக் குறைந்தது 5,000 பெண்களின் படங்களைப் பார்த்தாக வேண்டும். அமெரிக்காவிலும் இதற்குச் சட்டமே உண்டு. 1992-ல் நிறைவேற்றினார்கள். ஆனால் அங்கே கேட்பது இரண்டு வருஷத்தில் 960 தான். கணக்குப் போடுங்கள். 5,000 பார்த்தால் வருஷத்துக்கு நாற்பது புற்றுநோயாவது கண்ணில் பழகும். 480 பார்த்தால்? ஒரு கை விரல்களே போதும்.

அதுவும் ஒருவர் பார்த்தால் போதாது. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இருவருக்கும் கருத்து வேற்றுமை வந்தால் மூன்றாமவர் பஞ்சாயத்து!

இன்னொரு வேடிக்கை. இந்த நிபுணர்களுக்கும் பரீட்சை உண்டு. ‘பெர்ஃபார்ம்ஸ்’ என்று பெயர். 60 பேரின் சிக்கலான படங்களை வருஷத்தில் இரண்டு முறை கொடுப்பார்கள். விடை ஏற்கெனவே தெரிந்த படங்கள். யார் எதைப் பிடித்தார், எதைக் கோட்டைவிட்டார் என்று அவரவருக்கு மார்க் தெரிந்துவிடும். நரைத்த தலை டாக்டரும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரீட்சை எழுதுகிறார் என்றால் கேட்கவே ஆறுதலாக இல்லை?

குரைக்கிற நாய்... குரைக்காத நாய்!

வீட்டுக்குக் காவலாக நாய் வளர்க்கிறீர்கள். பால்காரர், தபால்காரர், மாமியார் யார் வந்தாலும் குரைக்கிறது. திருடன் வந்தபோதும் குரைத்தது. ‘நூற்றுக்கு நூறு திருடனைக் கண்டுபிடிக்கும் நாய்’ என்று பெருமை அடித்துக்கொள்ளலாமா? பக்கத்து வீட்டு நாய் யாரைப் பார்த்தும் வாயே திறக்காது. ‘ஒருவரைக்கூட வீணாகப் பயமுறுத்தாத நாய்’ என்று அவரும் பெருமைப்படலாமே!

ஸ்க்ரீனிங்கிலும் இதே கதைதான். படத்தில் சந்தேகம் என்றால், அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டு ஸ்கேன், ஊசி வைத்துத் திசு எடுக்கிற பயாப்ஸி எல்லாம் செய்வார்கள். எல்லோரையும் கூப்பிட்டால் ஒரு புற்றுநோயும் தப்பாது. ஆனால் நன்றாக இருக்கும் நூற்றுக்கணக்கான பெண்கள் அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கம் இல்லாமல் புரளுவார்கள். ‘‘ஏங்க, என்னை மட்டும் ஏன் மறுபடி வரச் சொல்றாங்க?’’ என்று நடுராத்திரியில் கணவரை எழுப்புவார்கள். அந்தப் பயமும் ஒரு சேதம்தான்.

ஆகவே பிரிட்டனில் இரண்டையும் ஒரே மூச்சில் அளக்கிறார்கள். முதல் தடவை வருகிறவர்களில் திரும்பக் கூப்பிடப்படுபவர்கள் நூற்றுக்கு 10-க்குக் கீழே இருக்க வேண்டும். அடுத்தடுத்த தடவைகளில் 7-க்குக் கீழே. நடைமுறையில் அங்கே மொத்தத்தில் நூற்றில் சுமார் 4 பேர் திரும்பக் கூப்பிடப்படுகிறார்கள். அந்த நால்வரில் ஒருவருக்குத்தான் புற்றுநோய். மூவர் நிம்மதிப் பெருமூச்சோடு வீடு திரும்புகிறார்கள்.

இன்னொரு தட்டில் கண்டுபிடிப்புக் கணக்கு. இந்த வயதுப் பெண்கள் இத்தனை பேரைப் பார்த்தால் இத்தனை புற்றுநோய் அகப்பட வேண்டும் என்று ஒரு எதிர்பார்ப்பு. அகப்பட்டதை அதனால் வகுத்தால் விடை ஒன்றுக்குக் குறையக் கூடாது. அதிலும் 15 மில்லிமீட்டருக்குச் சின்னதாக இருக்கையிலேயே பிடித்தது எத்தனை என்று தனிக் கணக்கு. எலுமிச்சம்பழ அளவுக் கட்டியைக் கண்டுபிடிக்க மேமோகிராம் எதற்கு, குளிக்கும்போது கையே சொல்லிவிடுமே!

தப்பிப்போனவை

எல்லாவற்றிலும் கசப்பான கணக்கு இதுதான்.

ஒரு பெண்ணுக்கு ஜனவரியில் மேமோகிராம். ‘நார்மல்’ என்று கடிதம். அடுத்த அழைப்பு மூன்று வருஷம் கழித்து. ஆனால் அடுத்த வருஷமே கட்டி தட்டுப்படுகிறது. புற்றுநோய். இரண்டு பரிசோதனைகளுக்கு இடையில் தலைகாட்டுவதால் இதை ‘இடைவெளிப் புற்றுநோய்’ என்று சொல்லலாம்.

எந்த நல்ல திட்டத்திலும் இது நடக்கும். சில புற்றுநோய்கள் அசுர வேகத்தில் வளர்பவை. போன தடவை அது இருந்திருக்கவே இருக்காது. சில இருந்தும் எக்ஸ்-ரேயில் தெரியாதவை. ஆனால் சிலது, பழைய படத்தை எடுத்து வைத்துப் பார்த்தால்... அங்கேயே உட்கார்ந்திருக்கும். பார்த்தவர் கண்ணில் படவில்லை!

பிரிட்டனில் இப்படி வருகிற ஒவ்வொரு கேஸிலும் பழைய படத்தைத் தூசி தட்டி எடுத்து மறுபடி பார்க்கிறார்கள். ‘அப்போது எதுவும் இல்லை’, ‘லேசான அடையாளம், யாரும் தவறவிடக்கூடியது’, ‘தெளிவாக இருந்தது, பிடித்திருக்க வேண்டும்’ என்று தரம் பிரிக்கிறார்கள். மூன்றாவது வகை என்றால் அந்தப் பெண்ணிடமே அதை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும் என்பது விதி.

இதற்கு இரண்டு விஷயம் தேவை. ஒன்று, தைரியம். இரண்டு, ரிஜிஸ்தர். யாருக்கு எப்போது புற்றுநோய் வந்தாலும் பதிவாகிற ஒரு பேரேடு இல்லாவிட்டால், தப்பிப்போனவரை எங்கே தேடுவது? அவர் வேறு ஊரில், வேறு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார். முகாம் நடத்தியவரோ ‘எங்களிடம் ஒரு தவறும் நடக்கவில்லை’ என்று மீசையை முறுக்கிக்கொண்டிருப்பார்!

ரயில் கணக்கு

‘ஸ்க்ரீனிங்கில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் நோய் தெரிந்த பிறகு அதிக வருஷம் உயிரோடு இருக்கிறார்கள். அப்படியென்றால் திட்டம் வெற்றிதானே?’ என்று கேட்பீர்கள். அவசரப்படாதீர்கள்.

எழும்பூருக்குக் காலை ஆறு மணிக்கு வருகிற ரயில். ஒருவர் விழுப்புரத்தில் ஏறினார். இன்னொருவர் செங்கல்பட்டில் ஏறினார். விழுப்புரத்துக்காரர் அதிக நேரம் ரயிலில் இருந்தார் என்பது உண்மை. அதற்காக அவர் எழும்பூருக்கு வந்துசேரும் நேரம் தள்ளிப்போனதா? இருவரும் ஒரே ஆறு மணிக்குத்தான் இறங்கினார்கள். நோயை இரண்டு வருஷம் முன்னாலேயே கண்டுபிடித்து, முடிவு மட்டும் மாறாவிட்டால், அந்தப் பெண் ‘நோயாளி’ என்ற பட்டத்தோடு இரண்டு வருஷம் கூடுதலாக இருந்தார். அவ்வளவுதான்.

ஆகவே எண்ண வேண்டியது இறப்பை. அழைக்கப்பட்ட பெண்கள் கூட்டத்தில் எத்தனை பேர் இந்த நோயால் இறந்தார்கள், அழைக்கப்படாத கூட்டத்தில் எத்தனை பேர்? ஸ்வீடனில் 1977-ல் இரண்டு மாவட்டங்களில், லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து டாக்டர் லாஸ்லோ டாபார் குழு இதை ஆரம்பித்தது. 1985-ல் வந்த முடிவு: அழைக்கப்பட்டவர்களில் இந்நோயால் இறப்பு 31 சதவீதம் குறைவு. ஃபாரஸ்ட் கமிட்டிக்குத் தெம்பு கொடுத்த ஆய்வுகளில் இது முக்கியமானது.

2012-ல் சர் மைக்கேல் மார்மட் தலைமையில் ஒரு குழு இதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து வைத்துப் பார்த்தது. குறைவு 20 சதவீதம் என்றது. பிரிட்டனில் வருஷத்துக்குச் சுமார் 1,300 உயிர்கள். சின்ன எண்ணிக்கையா அது? ஆனால் அதே குழு இன்னொன்றையும் பூசி மெழுகாமல் சொன்னது. காப்பாற்றப்படும் ஒரு உயிருக்கு, சுமார் மூன்று பெண்கள் தேவையில்லாத சிகிச்சைக்கு ஆளாகிறார்கள். அவர்களுக்கு இருப்பதும் புற்றுநோய்தான். ஆனால் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் ஆயுசு முழுக்க ஒரு தொந்தரவும் தராமல் தூங்கியிருக்கும் ரகம். எது தூங்குவது, எது பாய்வது என்று முன்கூட்டியே சொல்ல இன்னும் யாராலும் முடியவில்லை.

இதற்குப் பிறகு பிரிட்டனில் அழைப்போடு போகிற துண்டுப் பிரசுரத்தையே மாற்றி எழுதினார்கள். லாபம் இவ்வளவு, நஷ்டம் இவ்வளவு, முடிவு உங்கள் கையில்! நஷ்டத்தையும் அச்சடித்துக் கொடுக்கிற திட்டத்தைத்தான் நம்பலாம்.

இப்போது கம்ப்யூட்டரும் படம் பார்க்க வந்துவிட்டது. ஸ்வீடனில் ‘மசாய்’ என்றொரு ஆய்வு. 2023-ல் வெளியான முதல் கணக்கில் டாக்டர்களின் படம் பார்க்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. பிடிபட்ட புற்றுநோய் குறையவில்லை. ‘அப்புறமென்ன, ஜமாயுங்கள்’ என்று அவர்கள் கிளம்பிவிடவில்லை. இடைவெளிப் புற்றுநோய் எத்தனை என்பதைத்தான் முக்கியக் கேள்வியாக வைத்துக் காத்திருந்தார்கள். மெஷின் புதுசானாலும் அளவுகோல் பழசுதான்!

நம்ம ஊர்?

நம் நாட்டில் எல்லோருக்கும் மேமோகிராம் என்ற திட்டம் இல்லை. 2016-ல் மத்திய அரசு வகுத்த நடைமுறை, 30 முதல் 65 வயதுப் பெண்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பயிற்சி பெற்றவர் கையால் தடவிப் பார்த்துச் சோதிப்பது.

கையால் பார்த்தால் பலன் உண்டா? மும்பை டாடா நினைவு மருத்துவமனை இருபது வருஷம் பொறுமையாக அளந்தது. 1998-ல் ஆரம்பித்து, குடிசைப் பகுதிகளில் ஒன்றரை லட்சம் பெண்கள். சோதித்தவர்கள் டாக்டர்கள் அல்ல. பத்தாவது படித்து, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள். 2021-ல் முடிவு வெளியானது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் இந்நோயால் இறப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு. அதற்குக் கீழே உள்ள வயதில் அப்படிப்பட்ட பலன் தெரியவில்லை. எல்லா வயதையும் சேர்த்தால் 15 சதவீதம். அது தற்செயலாகவும் இருக்கலாம் என்றார்கள். நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல் இரண்டையும் சொன்னார்களே, அதுதான் தரம்.

எட்டிய தூரம்? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு முறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்தியா முழுவதும் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 0.9 சதவீதம். தமிழ்நாடு 5.6. மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் தேவலை. 70 பாஸ் மார்க் என்று வைத்திருக்கிற ஊரோடு ஒப்பிட்டால்..? ஆனால் நம்மிடம் ஒரு சொத்து இருக்கிறது. சென்னையின் புற்றுநோய்ப் பதிவேடு 1981-லிருந்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் நடந்துவருகிறது. தப்பிப்போனவரைத் தேட ரிஜிஸ்தர் வேண்டும் என்றோமே, அதற்கு அஸ்திவாரம் எப்போதோ போட்டாயிற்று. முகாம் நோட்டையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

* * *

அதுவரை? அடுத்த முறை முகாமுக்கோ, ‘மாஸ்டர் செக்-அப்’ பேக்கேஜுக்கோ போகும்போது கூச்சப்படாமல் நாலு கேள்வி கேளுங்கள்.

‘‘படத்தை எத்தனை பேர் பார்ப்பாங்க? அவங்க வருஷத்துக்கு எத்தனை மேமோகிராம் பார்க்கிறவங்க?’’

‘‘சந்தேகம்னா அடுத்த டெஸ்ட் எங்கே, எத்தனை நாளுக்குள்ளே?’’

‘‘நான் வராம போனா என்னைத் தேடிக் கூப்பிடுவீங்களா?’’

‘‘நார்மல்னு சொல்லி அனுப்பினவங்க அப்புறம் எப்படி இருக்காங்கன்னு பார்க்கிறீங்களா?’’

கடைசிக் கேள்விக்கு எதிரில் இருப்பவர் திருதிருவென்று விழித்தால், அங்கே எண்ணிக்கை மட்டும்தான் நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். ‘நார்மல்’ என்று போன மாதம்தான் ரிப்போர்ட் வாங்கியிருந்தாலும் சரி... கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், ரத்தக் கசிவு, இதில் எது தென்பட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ‘‘இப்பதானே பார்த்தாங்க’’ என்று ரிப்போர்ட்டை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். உலகத்திலேயே ஒழுங்காக நடக்கிற திட்டத்திலும் சிலர் தப்பிப்போகிறார்கள். அதை அவர்களே எண்ணி வைத்திருக்கிறார்கள்!